தொப்பிக்குள் இருந்த சீட்டு

காதிரின் இளைய மகள் ஜூரா வென்றெடுத்தவற்றை வரிசையாகச் சொன்னால் இப்படி வரும். நான்கு வயதில், கொதிக்கும் பால் கொப்பரையிலிருந்து தன் உயிர். பத்தொன்பது வயதில், "இந்தக் கையை வைத்துக்கொண்டு ஊசி போட முடியாது" என்று ஒருமுறை திருப்பி அனுப்பிய செவிலியர் பள்ளியிலிருந்து ஒரு சான்றிதழ். முப்பத்தோரு வயதில், எண்டோஸ்கோபி மேசையின் இடப்பக்கத்தில் ஓர் இடம். அதற்கு மூன்று ஆண்கள் போட்டியிட்டார்கள். அதற்குப் பிறகு, மலையிலிருந்து ஒரு கிழவர். கடைசியாக, உள்ளங்கை அகலச் சீட்டு ஒன்றின் அடியில் ஒரு விரல்கடை இடம்.

இந்த வரிசையை ஆண்டு, மாதம், கிழமையோடு சொல்லக்கூடியவர் அந்த மலையடிவார நகரத்திலேயே ஒருவர்தான். அவர் ஜூராவின் அக்கா கலிபா.

கலிபா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மருத்துவமனைச் சமையலறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சமைக்கிறாள். தேதி, எடை, எண்ணிக்கை இந்த மூன்றிலும் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தினம் கிழிக்கும் தாளை அவள் எறிவதில்லை. பின்பக்கத்தில் அன்றைய சங்கதியை இரண்டு வரி எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். ஜூராவைப் பற்றிய தாள்களுக்குத் தனி டப்பா.

அந்தப் பால் கொப்பரை விழுந்த நாளுக்கு மட்டும் தாள் கிடையாது. அப்போது கலிபாவுக்கு ஒன்பது வயது. மேய்ச்சல் மலையில், கூடாரத்துக்கு வெளியே அடுப்பு. அம்மா குதிரைப்பால் கறக்கப் போகும்போது, தங்கையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனது கலிபாவிடம்தான். ஜூரா பிழைத்தாள். வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. மிச்சம் மூன்று விரல்கள். ஐந்து விரல்களின் வேலையை மூன்று விரல்கள் பார்க்கப் பழகியபோது அவற்றுக்குத் தனிக் கூர்மை வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க, உலர்ந்த பழத்திலிருந்து கொட்டை நீக்க, தைத்த தையலைப் பிசிறில்லாமல் பிரிக்க வீட்டில் எல்லாரும் ஜூராவைத்தான் கூப்பிட்டார்கள்.

எண்டோஸ்கோபி அறைக்கு அந்த விரல்கள்தான் அவளைக் கொண்டுபோயின.

அங்கே தாலாய் இசாகோவிச் என்ற டாக்டர் பித்தநாளத்துக் கல்லுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தார். வாய் வழியாக உள்ளே போகும் நீண்ட கருவியை டாக்டர் பிடித்திருப்பார். அதன் நுனி வயிற்றைத் தாண்டி, குடலின் முதல் வளைவில் போய் நிற்கும். பித்தநாளத்தின் வாய் அங்கே இருக்கிறது, எள்ளுக்குச் சற்றுப் பெரிதாக. அதற்குள் ஒரு மெல்லிய கம்பியை அனுப்ப வேண்டும். கம்பியின் இந்த முனை உதவியாளர் கையில் இருக்கும். டாக்டருக்குத் திரையில் நிழல்தான் தெரியும். கம்பி முட்டுகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதைப் பிடித்திருக்கும் விரல்தான் சொல்ல வேண்டும்.

உதவியாளர் வேலைக்கு மூன்று ஆண் செவிலியர்கள் கேட்டிருந்தார்கள். ஜூராவும் கேட்டாள். ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பது பெண்பிள்ளைக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார். கையைக் காட்டி இன்னொருவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. வசந்தத்தில் பார்க்கலாம், அதுவரை பழகிக்கொள்ளுங்கள் என்று பழைய கம்பி ஒன்றை அவளிடம் கொடுத்தனுப்பினார்.

எதில் பழகுவது? அதற்கு வழி சொன்னது கலிபா. வாரம் இருமுறை சமையலறைக்கு ஆடு வரும். ஈரல் சமையல்காரிக்கு என்பது அங்கே வழக்கம். பித்தப்பையும் நாளமும் அறுபடாமல் ஈரலைத் தனியே எடுத்துத் தரும்படி கசாப்புக்காரரிடம் கலிபா சொல்லிவைத்தாள். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கவிழ்த்த பிறகு, சமையலறை மேசையில் எண்ணெய்த்துணி விரித்து, ஜூரா கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளத்துக்குள் கம்பியை விடுவாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதும் கலிபாதான். கம்பி போய்வந்த ஈரலை வாயில் வைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கொல்லை நாய் அந்தக் குளிர்காலத்தில் பருத்துப்போனது. மொத்தம் முப்பத்தொரு ஈரல்.

அவர்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்தால், ஈரலையும் ஆட்டின் வால் கொழுப்பையும் துண்டு போட்டுச் சம்பந்திகளுக்கு ஊட்டுவார்கள். ஜூராவுக்கு அப்போதும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

"உன் சம்பந்தத்துக்கு வெக்க வேண்டிய ஈரலெல்லாம் கம்பி குத்தியே தீந்துபோச்சுடி" என்றாள் கலிபா.

"முப்பத்தொண்ணுல ஒண்ணாச்சும் என்னை எதுத்துப் பேசுச்சாக்கா? வர்ற மாப்பிள்ளைக்கு அது மேல்."

வசந்தத்தில் டாக்டர் நான்கு பேரையும் சோதித்துப் பார்த்தார். இடம் ஜூராவுக்குக் கிடைத்தது. 2009 ஏப்ரல் 6, திங்கள். தாள் இருக்கிறது.

பெரிய கல்லாக இருந்தால் நாளத்தின் வாயைச் சற்றுக் கீறி, வலைக்கம்பியால் கல்லை இழுத்து எடுத்துவிடுவார்கள். சிலருக்குக் கீற முடியாது. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கீறினால் ரத்தம் நிற்காது. கல் சிறியதாக இருந்தால் அவர்களுக்கு டாக்டர் ஸ்டென்ட் வைத்தார். சுண்டுவிரல் நீளம், தீக்குச்சிப் பருமன், பிளாஸ்டிக் குழாய். அது ஏன் என்று கலிபா ஒருமுறை கேட்டபோது, காய்கறி நறுக்கிக்கொண்டே ஜூரா சொன்னாள்:

"சின்னக் கல்லா இருந்தா உடனே எடுத்தே ஆகணும்னு இல்லக்கா. குழாய வெச்சு வழி விட்டா, பித்தம் பாட்டுக்கு ஓடும், காமாலை இறங்கிரும். கல்லு குழாயோட உரசி உரசித் தேஞ்சு போகும், இல்ல நழுவிக் கீழ போயிரும். எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆனா நெறைய பேருக்கு ஆகுது."

"அப்பறம் குழாய்?"

"மூணு மாசத்துல எடுத்திரணும். விட்டா அதுவே அடைச்சுக்கும். அடைச்சா சீழ் வெக்கும், குளிர்காய்ச்சல் வரும். அதுக்கப்பறம் ஆளு நம்ம கையில இல்ல."

வைக்கிற வேலையை விட எடுக்கிற வேலை பெரிது என்பது 2012இல் தெரிந்தது. குழாய் வைத்துக்கொண்ட ஒரு பெண் வடக்கே வேலைக்குப் போனவள், வலி இல்லையே என்று இரண்டு ஆண்டு திரும்பிப் பார்க்கவில்லை. வந்தபோது மூட்டையாகத்தான் இறக்கினார்கள். நாற்பது நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தாள். தலைமை மருத்துவர் எல்லாரையும் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு குழாய் இப்படி உள்ளேயே தங்கிப்போனால், இந்த மருத்துவமனையில் குழாய் வைப்பதே நின்றுவிடும். எல்லாரும் கணவாய் தாண்டித் தலைநகரத்துக்குப் போகட்டும். கணவாய் தாண்டிப் போகிறவர் பத்துக்கு நாலு பேர்தான் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மிச்சம் ஆறு பேர் மஞ்சளாகவே வீட்டில் கிடப்பார்கள்.

அன்று மாலையே ஜூரா நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள். குழாய்க்கு ஒரு வரி. ஆள் யார், எந்த ஊர், எந்த மேய்ச்சல், வைத்த நாள், எடுக்க வேண்டிய நாள், எடுத்த நாள். கடைசிக் கட்டம் நிரம்பாத வரியில் பென்சிலால் புள்ளி வைப்பாள். ஒவ்வொருவர் கையிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். நோட்டு அவளுடைய சொந்த யோசனை, சீட்டும் அப்படித்தான். மருத்துவமனைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது டாக்டர் மட்டும். செவிலியர்கள் சம்பளத் தாளில் போடுவார்கள், மருந்து வாங்கிய தாளில் போடுவார்கள். நோயாளி இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் எந்தத் தாளின் கீழும் செவிலியர் பெயர் வராது. அதனால் ஜூராவின் சீட்டுகளில் கீழே ஒன்றும் இருக்காது.

சாத்திபால்டி வந்தது 2014 மே மாதத்தில்.

எழுபத்தொரு வயது. வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் படுக்கையிலும் கழற்றாத மனிதர். கண் இரண்டும் ஆப்ரிகாட் பழம்போல மஞ்சளாக இருந்தன. நாளத்தில் மூன்று கல், பெரியது பட்டாணியில் பாதி. முந்தின குளிர்காலத்தில்தான் தலைநகரத்தில் அவர் இதயத்து ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதற்கான மாத்திரையை ஓர் ஆண்டு நிறுத்தக் கூடாது. ஆகவே கீறவில்லை. மே 16, வெள்ளிக்கிழமை, கம்பி முதல் தடவையிலேயே உள்ளே போனது, குழாய் வைத்தார்கள். நோட்டில் அது நூற்றுப்பதினேழாவது வரி.

நான்கு நாள் அவர் கலிபாவின் கையால் சாப்பிட்டார். கல்லீரல், பித்தம் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஐந்தாம் எண் சாப்பாடு. கொழுப்பு இல்லை, வறுத்தது இல்லை, புளித்தது இல்லை. ஓட்ஸ் கஞ்சி, வேகவைத்த காரட், தோல் நீக்கிய கோழி. இரண்டாம் நாள் அவர் தட்டை எடுத்துக்கொண்டு தானே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"மகளே, இது எனக்கா, கன்னுக்குட்டிக்கா?"

"கன்னுக்குட்டி இவ்வளவு பேசாதுங்களே பெரியவரே" என்றாள் கலிபா.

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அன்றிலிருந்து கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தார். புறப்படும் நாளில் கண் வெளுத்திருந்தது. நேரே மேய்ச்சல் மலைக்குத்தான் போகிறேன், மனைவி கென்ஜேகான் குதிரைகளோடு முன்னாலேயே ஏறிவிட்டாள் என்று சொன்னார். ஆகஸ்ட் இருபதுக்குள் வரச் சொல்லி எழுதிக் கொடுங்கள் என்று டாக்டர் ஜூராவிடம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஜூரா எழுதியது: "மேய்ச்சலிலிருந்து இறங்கும்போது நேரே இங்கே வரவும். குழாய் எடுக்க வேண்டும்."

மேய்ச்சல்காரர் வீட்டில் பிறந்தவள் அவள். மலை மேல் யாரும் தேதி பார்ப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆகஸ்ட் இருபது என்று எழுதினால் அந்த நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இறங்குவது அப்படி இல்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதி பள்ளி திறக்கும். அதற்கு முன் கூடாரத்தைப் பிரித்து, அதன் மரச்சட்டத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு மொத்தக் குடும்பமும் இறங்கிவிடும். இதே வாசகத்தை முந்தின இரண்டு கோடைகளில் ஒன்பது பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். ஒன்பது பேரும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில், உடம்பெல்லாம் புகை மணக்க, நகரத்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து நின்றார்கள். நகரத்தில் பிறந்த எந்தச் செவிலியும் இப்படி எழுதியிருக்க மாட்டாள் என்று கலிபாவுக்கே அதில் பெருமை. தாளில் குறித்தும் வைத்தாள்.

அந்த வருடம் மழை கோடை முழுக்க விட்டுவிட்டுப் பெய்தது. ஆகஸ்டில் புல் முழங்கால் உயரம் நின்றது. பள்ளிப் பிள்ளைகளை மட்டும் அத்தை, சித்தி பொறுப்பில் முன்னால் அனுப்பிவிட்டு, பெரியவர்கள் மலையிலேயே தங்கிவிட்டார்கள். தெருவில் அந்த மேய்ச்சல் பிள்ளைகளைப் பார்த்த ஜூரா, பின்னாலேயே பெரியவர்களும் வருகிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தாள். செப்டம்பர் ஒன்பதாம் தேதிதான், மேலே மாவு கொண்டுபோய்க் கொடுக்கிறவர் சமையலறை வாசலில் மூட்டை இறக்கும்போது, போகிற போக்கில் சொன்னார்: இந்த வருசம் இரண்டாவது முகட்டில் பனி விழுகிறவரை ஒருத்தரும் இறங்கப்போவதில்லையாம், அக்டோபர் ஆகிவிடுமாம்.

கலிபா ஜூராவைப் பார்த்தாள். ஜூரா கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மே பதினாறிலிருந்து கிட்டத்தட்ட நான்கு மாதம்.

"அக்கா, தப்பு என்னுது" என்றாள். "அவரு சீட்டுல எழுதினபடி இருக்காரு. எழுதினது நான்."

சாத்திபால்டி இருக்கும் சாரிபெல் மேய்ச்சலில் கைபேசி எடுக்காது. பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, தலைமை மருத்துவர் மூன்று மாதக் கணக்கு கேட்கும் நாள். நோட்டில் பென்சில் புள்ளியோடு எந்த வரி நின்றாலும் கேள்வி வரும். அவருக்கு முன்னால் தாலாய் இசாகோவிச்சிடம் ஜூரா போய்ச் சொன்னாள். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று அவர் கேட்டார். எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"கூட்டிட்டு வாங்க. காய்ச்சல் கண்டிருந்தா குதிரையில ஏத்தாதீங்க. சனிக்கிழமை நான் இங்கயே இருக்கேன்."

கலிபா இரண்டு நாள் விடுப்புப் போட்டாள். தனக்குப் பதில் சமைக்க வந்த பெண்ணுக்கு, ஒவ்வொரு சாப்பாட்டு எண்ணுக்கும் இத்தனை கிராம் என்று இரண்டு பக்கம் எழுதி ஒட்டினாள். கணவனுடைய பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை விடிந்ததும் தங்கையோடு புறப்பட்டாள். ஜீப்பை ஓட்டியது கலிபா. மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தது ஜூரா. ஆற்றைக் கடக்கும் இடத்தில் தண்ணீர் ஜீப்பின் கதவு வரை வந்தபோதுகூடக் கீழே பார்க்கவில்லை.

உச்சி வேளைக்குச் சாரிபெல் தெரிந்தது. பதினான்கு கூடாரம். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. குதிரைக்குட்டிகளைக் கட்டும் நீளக் கயிற்றுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி ஒன்று நின்றது.

"வா, கஞ்சிக்கார மகளே" என்று சாத்திபால்டி கலிபாவைக் கண்டதும் கையை விரித்தார். "இங்கயும் வந்துட்டியா? இங்க உன் சட்டம் செல்லாது, சொல்லிட்டேன்."

ஜூரா அவர் முகத்தை வெயில் பக்கம் திருப்பிக் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளையில் மெல்லிய மஞ்சள் படிந்திருந்தது.

"பெரியவரே, சிறுநீர் என்ன நிறத்துல போகுது?"

"டீ மாதிரி."

"பால் ஊத்தின டீயா, ஊத்தாததா?"

அவர் மனைவி நிற்கும் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஊத்தாதது."

குளிர் எடுத்ததா என்று கேட்டாள். முந்தாநாள் சாயங்காலம் பல் கிட்டிக்கொள்ளுமளவு நடுக்கம் வந்ததாகவும், காற்றுக்கு அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு கம்பளி போர்த்திப் படுத்ததாகவும், கென்ஜேகானிடம் சொல்லவில்லை என்றும் சொன்னார். கென்ஜேகான் நாலடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

உடனே புறப்பட வேண்டும் என்றாள் ஜூரா. சாத்திபால்டி தொப்பியைக் கழற்றினார். கலிபா அவர் தலையை அன்றுதான் முதலில் பார்த்தாள். தொப்பியின் உள்மடிப்பிலிருந்து சீட்டை எடுத்து, விரித்து, ஜூராவின் முகத்துக்கு நேரே பிடித்தார். நான்கு மடிப்பும் நைந்திருந்தது.

"படி மகளே. இறங்கும்போது வான்னு போட்டிருக்கு. நான் சொன்ன சொல்ல மீற மாட்டேன். இன்னும் நாங்க எறங்கலயே."

கலிபாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சீட்டில் உள்ளதை இப்படி எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு நிற்பவர் நாற்பது பேரில் ஒருவர்தான். அந்த ஒருவர் இவராக இருக்கிறார்.

"அது நான் தப்பா எழுதினது" என்றாள் ஜூரா. "டாக்டர் ஆகஸ்ட் இருபதுன்னு சொன்னாரு. எறங்கறத நீங்க மறக்க மாட்டீங்கன்னு நானா மாத்தி எழுதிட்டேன். உங்க மேல குத்தமில்ல."

அவர் யோசித்தார். தப்பு என்று அவள் ஒப்புக்கொண்டது அவருக்குப் பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. ஆனாலும் அவருக்கு இன்னொரு கணக்கு இருந்தது. நெஞ்சுக்குள்ளும் ஒரு குழாய் வைத்தார்கள், அதை எடுக்க வா என்று யாரும் சொல்லவில்லை, அது ஆயுசுக்கும் அங்கேயே இருக்குமாம். வயிற்றுக்குள் இருப்பதை மட்டும் ஏன் எடுக்க வேண்டும்? அது வைத்த பிறகுதான் காமாலை இறங்கியது. எடுத்தால் திரும்ப வந்துவிட்டால்?

"அது பாட்டுக்கு உள்ள இருக்கு, நான் பாட்டுக்கு வெளிய இருக்கேன்" என்று முடித்தார். "எங்களுக்குள்ள சண்டையே இல்ல."

நெஞ்சில் இருப்பது ரத்தக்குழாயின் சுவரைத் தாங்கும் கம்பிவலை, அதன் மேல் சதை மூடிக்கொள்ளும். பித்தத்தில் இருப்பது வெறும் குழாய், அதில் கசடு படியும் என்று ஜூரா பொறுமையாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். புறப்படுவதாகத் தெரியவில்லை. கறவை முடியட்டும், நாளை பார்க்கலாம், நாளைக்கு மறுநாள் பார்க்கலாம்.

கலிபா அதற்குள் கூடாரத்துக்குள் பார்வையை ஓட்டியிருந்தாள். சமையல்காரிக்கு அடுத்த வீட்டு அடுக்களைதான் முதலில் கண்ணில் படும். வாசலுக்குப் பக்கத்தில், பாலிலிருந்து ஆடை பிரிக்கும் கைச்சுற்று இயந்திரம் பாகம் பாகமாகக் கழற்றி, கழுவி, துணி மேல் காயவைத்திருந்தது. இரண்டு குழாய் மூக்கும் கண்ணாடி மாதிரி மின்னின.

"இத தினம் கழட்டிக் கழுவுவீங்களா, அக்கா?" என்று கென்ஜேகானைக் கேட்டாள்.

"காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தணும்."

"கழுவாம விட்டா?"

"ஒரு நாளு விட்டாலே மூக்கு பிசின் மாதிரி அடைச்சுக்கும். நாத்தம் குடலப் புடுங்கும். அதுல ஊத்துன பால நாய்கூட..."

கென்ஜேகான் பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த துணியை மெதுவாகக் கீழே போட்டுவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், நாலு மாசமா கழுவாத குழாய உள்ள வெச்சுக்கிட்டு என் பக்கத்துலயா படுத்துக் கெடந்த?"

சாத்திபால்டி வாய் திறந்தார்.

"பேசாத. நடுக்கம் வந்துச்சாம், எங்கிட்ட சொல்லலயாம். ஜீப்புல ஏறு."

கென்ஜேகான் மாற்றுச் சட்டை, சாக்ஸ், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள். சீழ் பிடிக்காமல் இருக்க ஜூரா அவருக்கு ஊசி போட்டாள். ஜீப்பின் கதவில் கை வைத்தபடி நின்ற சாத்திபால்டி, கடைசியாக ஒன்று கேட்டார். பிடிவாதத்துக்காகக் கேட்கவில்லை. மனைவி அதட்டியதும் இறங்கிவிட்டார் என்று பதினான்கு கூடாரமும் நாளைக்குப் பேசுமே, அதற்குப் பதிலாகக் காட்டக் கையில் ஏதாவது வேண்டாமா?

"பழைய சீட்டு இருக்கறப்ப நான் எப்படி எறங்குவேன்? புதுசா ஒண்ணு எழுதிக் குடு. இந்தத் தடவ கீழ பேரு போடு. பழசுல யாரு சொன்னதுன்னே இல்ல. நான் யாரோட பேச்ச கேட்டு எறங்கினேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

ஜூரா மருந்துப் பையிலிருந்து வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். வண்டியின் முன்மூடி மேல் வைத்து எழுதினாள். கீழே வந்ததும் பேனா நின்றது. டாக்டர் பெயரைப் போட்டால் பொய். ஒன்றும் போடாவிட்டால் கிழவர் ஏற மாட்டார். அவள் அக்காவைப் பார்த்தாள்.

"போடு" என்றாள் கலிபா. "வேற யாரு எழுதினது?"

ஜூரா கையெழுத்துப் போட்டாள். சாத்திபால்டி வாங்கி, மை காய ஊதி, தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, பழைய சீட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு கூடாரங்கள் எல்லாம் பார்க்கும்படி நிமிர்ந்து வண்டியில் ஏறினார்.

சனிக்கிழமை காலை கலிபா விடுப்பில்தான் இருந்தாள். இருந்தாலும் சமையலறைக்கு வந்து, யாரும் கேட்காத காரட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றே காலுக்கு ஜூரா முற்றத்தைக் கடந்து வந்தாள். ஈயக் கவசம் அழுத்திய தடம் தோளில் சிவந்திருந்தது. கையில் மூடி போட்ட சிறு கண்ணாடிக் குப்பி. அதற்குள் நீலக் குழாய். உள்ளே பழுப்புக் கசடு, ஒரு மயிரிழை வழிதான் மிச்சம்.

இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். குழாயை உருவிய பிறகு மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்த இடத்தில் ஜூரா நிறுத்திவிட்டாள்.

"சொல்லித் தொலையேன்" என்றாள் கலிபா.

"கல்லு இல்லக்கா. மூணும் இல்ல. நாளம் மேலயிருந்து கீழ வரைக்கும் சுத்தமா இருக்கு. பலூன் விட்டு ஒருக்கா துடைச்சோம், கொஞ்சம் மணல் வந்துச்சு, அவ்வளவுதான். கீறவே இல்ல. குழாயே எல்லா வேலையும் பாத்திருக்கு."

கலிபா கத்தியைக் கீழே வைத்தாள். குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தங்கைக்கு முட்டை இரண்டு பொரித்து, வெண்ணெய் தாராளமாகத் தடவிய ரொட்டியோடு முன்னால் வைத்தாள். ஐந்தாம் எண்ணில் அது எதுவும் கிடையாது.

திங்கட்கிழமை, தலைமை மருத்துவர் கேட்பதற்கு முன்னாலேயே ஜூரா நூற்றுப்பதினேழாவது வரியைத் திறந்து காட்டி, தான் செய்ததைச் சொல்லிவிட்டாள். பழைய சீட்டையும் மேசையில் வைத்தாள். புதியதைத் தர சாத்திபால்டி மறுத்துவிட்டதால், தலைமை மருத்துவரே படுக்கைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றச் சொல்லி அதை வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் பார்த்தபின் அவர் சொன்னது கொஞ்சம்தான். இனி எல்லாச் சீட்டிலும் தேதி எண்ணில் இருக்க வேண்டும், மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மேய்ச்சல் கணக்கையும் பக்கத்தில் எழுதலாம், எழுதியவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். குழாய் வைப்பது நடக்கட்டும். நடக்கிறது, நோட்டு இப்போது நான்காவது, வரி ஐந்நூற்றெட்டு, பென்சில் புள்ளி பதினொன்று. பதினொன்றுக்கும் நாள் இன்னும் இருக்கிறது.

சாத்திபால்டி வெள்ளிக்கிழமை வீடு திரும்பினார். புறப்படும்போது சமையலறை வாசலில் நின்று, கலிபாவிடம் பேரம் பேசினார். ஒரு தட்டு நூடுல்ஸ், கொழுத்த கறி போட்டு, பதிலுக்குச் சீட்டு. கலிபா கொழுப்பை நீக்கிய கறியாகத்தான் போட்டாள். முதல் வாய் வைத்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் தட்டைக் காலி செய்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

அந்தச் சீட்டு இப்போது சமையலறைச் சுவரில், சாப்பாட்டு எண் பட்டியலுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற செவிலிப் பெண்கள் தேநீர் குடிக்க வரும்போது அதை வாசித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கலிபா ஈரல் முப்பத்தொன்றிலிருந்து தொடங்குவாள்.

சீட்டில் இருப்பது மூன்றே வரி. "இன்றே இறங்கவும். குழாய் எடுக்க வேண்டும்." அதன் கீழே, மூன்று விரல்களுக்கே உரிய, இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், ஜூரா, காதிரின் மகள், 2014 செப்டம்பர் 12.